மீன் குளத்தில் ஆற்றல் எங்கே தடைபடுகிறது: அறிகுறி பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

பல இன மீன்களை ஒன்றாக வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்புக் குளம் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகளை எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுக்கு மேல் தேறாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன; தண்ணீர் பச்சையாக இருந்தும் எடை ஏறவில்லை; தண்ணீர் தெளிந்தே கிடக்கிறது; அடியிலிருந்து குமிழி கிளம்புகிறது. இவற்றைத் தனித்தனி நோய்களாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் கடையில் ஒரு மூட்டை வாங்கிக் கொட்டுவதே வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில் இவற்றுள் பெரும்பாலானவை ஒரே கணக்கில் விழும் பிழைகளே. வெயிலாகவும் எருவாகவும் தீவனமாகவும் குளத்துக்குள் வரும் ஆற்றல் மீனின் உடலைச் சேர்வதற்குள் எந்தப் படியில் நின்றது, எந்தப் படியில் வீணானது என்று தெரிந்துகொண்டால், செய்ய வேண்டியதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கணக்கின் அளவு

தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பின் மேல் ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் சராசரியாக 5 கிலோவாட் மணி, அதாவது ஏறத்தாழ 4,300 கிலோ கலோரி. இதில் ஒளிச்சேர்க்கையில் பிடிபடுவது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றை ஆராய்ந்து சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் 1957-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே ஓர் ஆண்டில் ஒரு சதுர மீட்டரில் விழுந்த ஒளி 17 லட்சம் கிலோ கலோரி. அதில் தாவரங்கள் பிடித்தது 20,810. அவற்றைத் தின்னும் உயிர்களுக்குச் சென்றது 3,368, அவற்றையும் தின்னும் ஊனுண்ணிகளுக்கு 383, உச்சியில் இருந்த பெரிய மீன்களுக்கு வெறும் 21. ஒவ்வொரு படியிலும் உயிர்கள் சுவாசித்து எரித்ததும், தின்னப்படாமல் மட்கியதும் போக எஞ்சியதே மேலே ஏறுகிறது.

இந்த எண்களை வகுத்துப் பாருங்கள்: முதல் தாவலில் 16 சதவீதம், அடுத்ததில் 11, அதற்கடுத்ததில் ஐந்தரை. "10 சதவீத விதி" என்று பள்ளியில் படித்ததை இயற்கையின் சட்டம் என்று கொள்ளாமல், தோராயமான நடுமட்டம் என்று கொள்வதே சரி. குளம் வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். விகிதம் நிலையானது என்றால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அது மாறக்கூடியது என்பதால்தான் ஒரே அளவு வெயில் விழும் இரண்டு குளங்களில் ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு மீன் தருகிறது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. வெள்ளையும் கறுப்புமாக நான்கு கால்பகுதிகளில் வண்ணம் பூசிய, 20 செ.மீ. விட்டமுள்ள செக்கி தட்டு ஒன்று (நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதற்கு), கழுத்தகன்ற கண்ணாடி ஜாடி ஒன்று, மிதவையுயிரிகளை வடிக்கும் நுண்துணி வலை, கரைந்த ஆக்சிஜனையும் கார அமிலத் தன்மையையும் பார்க்கும் சிறு பெட்டி, இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செக்கி தட்டு இல்லாதவர்கள் முழங்கை வரை கையை நீருக்குள் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்க்கலாம். கிராமங்களில் பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள், அது தவறும் அல்ல.

அறிகுறி: விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். அதிகாலை நான்கு மணியிலிருந்து வெயில் ஏறும் வரை மட்டும் இது நடந்து, ஒன்பது மணிக்கு மேல் மீன்கள் கீழே இறங்கிவிட்டால் காரணம் ஆக்சிஜன் குறைவுதான். பிற்பகல் இரண்டு மணிக்கும் இப்படியே தவித்தால், அதுவும் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருக்கும்போது தவித்தால், செவுளில் ஒட்டுண்ணியோ அம்மோனியாவோ இருக்க வேண்டும். அது வேறு வழக்கு. இறந்த மீன்களையும் பாருங்கள். ஆக்சிஜன் குறைவில் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும். குஞ்சுகள் முதலில் மிதந்தால், பக்கத்து வயலிலிருந்து பூச்சிக்கொல்லி கலந்த நீர் வந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

ஆக்சிஜன் குறைவு என்பது ஆற்றல் கணக்கின் இரவு நேரப் பக்கம். பகலில் பாசி ஒளியைப் பிடித்து மாவுப்பொருளாக்கும்போது ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த மாவுப்பொருளைப் பாசியும் மீனும் அடிச்சேற்று நுண்ணுயிரும் எரிக்கும்போது அதே ஆக்சிஜனைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. வரவு பகலில் மட்டும், செலவு 24 மணி நேரமும். எனவே மிக அடர்ந்த பச்சைக் குளம் பிற்பகலில் ஆக்சிஜனில் செழித்திருக்கும், விடியலில் மூச்சுத் திணறும். இரண்டையும் செய்வது ஒரே பாசிதான் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். மேகமூட்டமான நாட்களில் வரவு சரிந்துவிடும், செலவு அப்படியே இருக்கும். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாத சமயத்தில், தண்ணீர் வெளுத்துவிட்டதே என்று ஒரு வண்டிச் சாணத்தைக் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவன் நான். மறுநாள் காலையில் ஆளுக்கு இரண்டு கிலோ எடையுள்ள கட்லா மீன்கள் கரையோரம் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. சாணத்தை மட்கச் செய்த நுண்ணுயிர்கள் அன்று இரவே ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்திருந்தன.

உடனே செய்ய வேண்டியவை: தீவனத்தையும் எருவையும் அன்றைக்கே நிறுத்துங்கள், மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரைத் தூவானமாக விழச் செய்யுங்கள், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருந்தால் நள்ளிரவிலிருந்தே ஓடட்டும். மீன் திணறுகிறது என்று பதற்றத்தில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றாதீர்கள். நீரின் காரத்தன்மை உயர்ந்தால் இருக்கும் அம்மோனியாவின் நஞ்சும் சேர்ந்து உயரும். நிலைமை தணிந்த பிறகு செக்கி தட்டை இறக்குங்கள். தட்டு 20 செ.மீ.க்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் விட வேண்டும். 30 முதல் 40 செ.மீ. வரை தெரிந்தால் பாசி சரியான அளவில் இருக்கிறது, குற்றம் அடிச்சேற்றிலோ தீவன மிகுதியிலோ இருக்கிறது. அதைக் கீழே குமிழி பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

அறிகுறி: தண்ணீர் நல்ல பச்சை, மீன் மட்டும் வளரவில்லை

இதுதான் அதிகம் குழப்பும் அறிகுறி. முதல் படியில் ஆற்றல் ஏராளமாகப் பிடிபடுகிறது, இரண்டாம் படிக்கு ஏறவில்லை. ஏறாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் ஒரே காலையில் சோதித்துவிடலாம்.

ஜாடியில் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பச்சை நிறத்தின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்ந்தால் அவை விலங்கு மிதவையுயிரிகள். நீர்த்தெள்ளுகளும் அவற்றின் உறவினர்களும். இவைதான் பாசியைத் தின்று கட்லாவுக்கு இரையாகின்றன. புள்ளிகளே இல்லையென்றால், கட்லா அளவுக்கு மீறி இருப்பதால் அவற்றைத் தின்று தீர்த்துவிட்டிருக்கலாம். அளவிட்டுச் சொல்ல வேண்டுமானால் 50 லிட்டர் நீரை நுண்துணி வலையில் வடித்து, வலையின் அடிக்குழாயில் தேங்கும் மிதவையுயிரிகளின் கன அளவைப் பாருங்கள். 1 முதல் 2 மி.லி. இருந்தால் போதுமான இயற்கை உணவு இருக்கிறது.

அடுத்து, அந்தப் பச்சையின் தன்மை. நீர்மட்டத்தில் வண்ணப் பூச்சு சிந்தியதுபோல் படலம் கட்டி, காற்றடிக்கும் பக்கக் கரையில் ஒதுங்கி, தொட்டால் விரலில் ஒட்டும் பச்சை என்றால் அது நீலப்பசும்பாசி. அதில் பலவகை கூட்டமாகப் பசைக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்வதால் நீர்த்தெள்ளுகளால் தின்ன முடியாது. சில வகைகளில் நஞ்சும் உண்டு. அங்கே பிடிபட்ட ஆற்றல் மீனுக்கு வராமல் செத்து அடியில் படிந்து நுண்ணுயிர்களுக்கே போகும். படலத்தைத் துணியால் ஓரம் ஒதுக்கி வாரி எடுங்கள், எருவை நிறுத்துங்கள். பாசிக்கொல்லி ஊற்றி ஒரே நாளில் அனைத்தையும் கொன்றால் அத்தனை பாசியும் ஒரே இரவில் மட்கி, முந்தைய பகுதியில் சொன்ன விபத்தை நீங்களே வரவழைத்ததாகும்.

மூன்றாவது காரணம் மீன் இனக் கலப்பு. கூட்டு மீன் வளர்ப்பு என்பதே ஆற்றல் கிளைக்கும் ஒவ்வொரு பாதையின் வாயிலிலும் ஒரு மீனை நிறுத்தும் ஏற்பாடு. வெள்ளிக்கெண்டை தாவர மிதவையுயிரிகளை வடித்துத் தின்கிறது, கட்லா மேல்மட்டத்தில் விலங்கு மிதவையுயிரிகளைத் தின்கிறது, ரோகு நடுமட்டத்தில் மேய்கிறது, மிர்கால் அடிமட்டத்து மட்கைக் கிளறுகிறது, புல்கெண்டை கரையிலிருந்து நாம் போடும் புல்லைத் தின்கிறது. அது தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமல் எச்சமாக விழுவதால் குளத்துக்கு அதுவே எருவாகிறது. குஞ்சு விற்பவரிடம் கிடைத்த ரோகு விரலிகளை (விரல் நீளக் குஞ்சுகளை) மட்டும் வாங்கி விட்டுவிட்டு, "பச்சை இருக்கிறது, வளரவில்லை" என்றால், மற்ற வாயில்கள் திறந்தே கிடக்கின்றன என்று பொருள். மேல்மட்ட மீன்கள் 40 சதவீதத்தை ஒட்டியும், மீதி நடுமட்டத்துக்கும் அடிமட்டத்துக்கும் பிரிந்தும் இருக்கும் கலப்பு எக்டேருக்கு 5,000 முதல் 10,000 விரலிகள் என்ற அளவில் பெரும்பாலும் ஒத்துவரும். தாவர மிதவையுயிரியை நேராகத் தின்னும் வெள்ளிக்கெண்டையைச் சேர்த்தால் ஒரு படி மிச்சமாகிறது. எனினும் அதை மிகுதியாக விட்டால் கட்லாவின் இரைக்கு இரையாகும் பாசியும் குறைந்து கட்லா இளைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கிறது

கிணற்று நீர் விட்ட புதுக்குளத்தில் இரண்டு வாரம் இப்படி இருப்பது இயல்பு. அதன் பிறகும் செக்கி தட்டு 60 செ.மீ.க்குக் கீழேயும் தெரிந்தால் வெயில் வீணாகத் தரையில் விழுகிறது. முதலில் அடியில் பாருங்கள். வேரூன்றிய நீர்க்களைகள் மண்டியிருந்தால் சத்தையும் ஒளியையும் அவை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆற்றல் பிடிபடத்தான் செய்கிறது, ஆனால் மீன் தின்னாத உருவத்தில். களையை வாரிக் கரையேற்றுங்கள், புல்கெண்டைகளை விடுங்கள்.

களையும் இல்லையென்றால் சத்துக் குறைவு. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும்: தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குளத்துக்குள் சுற்றிச் சுற்றி வரக்கூடியவை, ஆற்றல் ஒருமுறை எரிந்து வெப்பமாகிப் போனால் திரும்பாது. எரு இடுவது ஆற்றலை ஊட்டுவதற்காக என்பதைவிட, நாள்தோறும் புதிதாக விழும் ஒளியைப் பிடிப்பதற்கான கைகளை வளர்ப்பதற்காக. நன்னீரில் அடிக்கடி தட்டுப்படும் குறை மணிச்சத்து. சாணத்தோடு சூப்பர் பாஸ்பேட்டைச் சிறு தவணைகளாகக் கரைத்து விட்டால் ஒரு வாரத்தில் நிறம் திரும்பும். மண் புளிப்பாக இருந்தால் மணிச்சத்து சேற்றில் சிறைப்பட்டுக் கிடக்கும். அப்போது சுண்ணாம்புக்குப் பிறகே எரு.

பச்சையாக இருந்த குளம் திடீரென்று இரண்டு நாளில் தெளிந்தால் மகிழ வேண்டாம். பாசி மொத்தமாகச் செத்திருக்கிறது. அன்று இரவு குளத்தருகே படுத்திருங்கள்.

அறிகுறி: செம்மண் கலங்கல் இறங்கவே இல்லை

ஜாடியில் மொண்டு ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்தால் கலங்கல் எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது: கரை அரிப்பு, மாடு இறங்குதல், அடியைத் தோண்டும் சாதாக்கெண்டையின் மிகுதி. படியாமல் அப்படியே நின்றால் நுண்களி; சிறிதளவு ஜிப்சத்தையோ படிகாரத்தையோ முதலில் ஒரு வாளியில் சோதித்துவிட்டுக் குளத்துக்கு அளவு முடிவு செய்யுங்கள். ஒளி உள்ளே போகாத குளத்துக்கு எரு போடுவது வீண்.

அறிகுறி: அடியிலிருந்து குமிழி கிளம்புகிறது, சேறு அழுகிய முட்டைபோல் நாறுகிறது

குளத்தில் தின்னப்படாத பாசி, எஞ்சிய தீவனம், மீன் எச்சம் அனைத்தும் அடியில் போய்ச் சேருகின்றன. உயிரோடு மேயப்படும் சங்கிலியைவிடச் செத்து மட்கும் சங்கிலியில் ஓடும் ஆற்றல் பல சூழல்களில் அதிகம் என்பதைக் குளம் வைத்திருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடியில் ஆக்சிஜன் இருக்கும் வரை சிதைப்பான்கள் மட்கை எரித்துச் சத்தை விடுவிக்கும்; புழுக்களும் மிர்காலும் அதில் பங்கு பெறும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் வேறு நுண்ணுயிர்கள் பொறுப்பேற்று மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் விடுகின்றன. மீன் சதையாகியிருக்க வேண்டிய ஆற்றல் அந்த மீத்தேன் குமிழிகளில்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

மூங்கில் கழியைச் சேற்றில் செருகி எடுங்கள். மேலே ஒரு விரல்கடை பழுப்பு, அதன் கீழே கறுப்பு என்றால் இன்னும் மோசமில்லை. கழி முழுவதும் மையாகக் கறுத்து வந்தால் தீவனத்தைப் பாதியாக்குங்கள். தீவனத்தை அள்ளி வீசுவதை விட்டு, ஓட்டையிட்ட சாக்குப் பைகளில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சும் ஒவ்வொரு பிடி தவிடும் பிண்ணாக்கும் இந்தச் சேற்றுக்குத்தான் போகிறது. மீன்கள் இருக்கும்போது சங்கிலி இழுத்து அடியைக் கலக்குவதானால், வெயிலுள்ள நண்பகலில் குளத்தின் சிறு பகுதியை மட்டும் கலக்குங்கள். அறுவடைக்குப் பின் தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை காய விட்டு, வண்டலை வயலுக்கு அடிப்பதே நிலையான தீர்வு. அந்த வண்டலின் சத்து நெல்லிலாவது வரவு வைக்கப்படும்.

அறிகுறி: வலை நிறைய மீன், அத்தனையும் விரல் நீளம்

திலேப்பியா புகுந்த குளங்களில் இது வழக்கம். சிறிய மீன் தன் எடைக்கு ஒப்பிட்டால் பெரிய மீனைவிட அதிகமாக எரிக்கிறது. ஒரே ஆற்றல் ஆயிரம் சின்ன உடல்களைப் பிழைக்க வைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. சின்னக்கண் வலை போட்டு வாரி எடுங்கள். கெண்டைகள் விராலின் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிறகு சில விரால்களை விடலாம். ஒரு கிலோ விரால் ஏற ஏறத்தாழ பத்துக் கிலோ சிறுமீன் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், விற்காத பத்துக் கிலோவுக்குப் பதிலாக நல்ல விலை போகும் ஒரு கிலோ கிடைக்கிறது. ஆற்றலில் நட்டம், பணத்தில் இல்லை. இதற்காக ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடாதீர்கள். இந்தியாவில் அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

எந்த அறிகுறியும் பொருந்தவில்லை, ஆனாலும் குளம் சரியில்லை

அப்போது ஒரு நாள் கணக்கு எடுங்கள். விடியலில், அந்தி சாயும்போது, மறுநாள் விடியலில் என மூன்று முறை ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் ஆக்சிஜனை அளவிடுங்கள். லிட்டருக்கு 3 மி.கி., 11 மி.கி., 2.5 மி.கி. என்று வந்ததாகக் கொள்வோம். இரவு 12 மணி நேரத்தில் 8.5 செலவாகியிருக்கிறது; பகலிலும் அதே அளவு செலவாகியிருக்கும். பகலில் 8 கூடியது என்றால் உண்மையான வரவு 8-உம் 8.5-உம் சேர்ந்து 16.5, மொத்தச் செலவு 17. நீர் ஒரு மீட்டர் ஆழம் என்றால் இது சதுர மீட்டருக்கு 16.5 கிராம் ஆக்சிஜன், அதாவது ஏறத்தாழ 55 கிலோ கலோரி பிடிபட்டிருக்கிறது; மேலே விழுந்த 4,300-இல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒளியைப் பிடிக்கும் முதல் படியில் குறையில்லை. காற்றோடு நடக்கும் பரிமாற்றத்தை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது, குறிப்பாக அந்தியில் மிகுந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் காற்றில் தப்பிவிடும், எனவே தசம எண்களை நம்பி வாதாட வேண்டாம். ஆனால் செலவு வரவை நாள்தோறும் அரை மி.கி. மிஞ்சுகிறது என்பது தொடர்ந்து மூன்று நாள் அளவிலும் தெரிந்தால், குளம் தன் வெயிலுக்கு மேல் நாம் போடும் தீவனத்தையும் பழைய சேற்றையும் எரித்துக்கொண்டிருக்கிறது. விடியல் அளவு 2 மி.கி.க்குக் கீழே இறங்க இன்னும் இரண்டொரு நாள்தான் இருக்கிறது. அன்று மாலைத் தீவனத்தை நிறுத்திவிட்டு, ஏரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.